டீலக்ஸ் ரிவர்ப் 1966: ஒரே ஒரு வால்வு மட்டும் சிவந்துபோகிறது

#1 மூன்றாம்தந்தி (ஸ்கார்பரோ)

வணக்கம். நான் கிதார் வாசிப்பவன். மின்னணுவியல் எனக்குப் பள்ளியில் படித்து மறந்த பாடம்.

ஏப்ரலில் பக்கத்துத் தெருவில் ஒரு முதியவரின் வீட்டைக் காலி செய்தார்கள். அங்கே ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் ஆம்ப் ஒன்றை வாங்கினேன். கறுப்பு முகப்பு. பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வால்வு அட்டவணைத் தாளில் ‘பி எச்’ என்று முத்திரை இருக்கிறது. இரண்டு மாதம் தேன் மாதிரி ஒலித்தது. ஜூன் கடைசியிலிருந்து தொல்லை.

தொல்லை ஒன்று: போட்டவுடன் நன்றாக இருக்கிறது. பதினைந்து, இருபது நிமிடத்தில் ஒலி கஞ்சிபோல் குழைந்துவிடுகிறது. பின்னால் குனிந்து பார்த்தால் ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு 6வி6 வெளியீட்டு வால்வுகளில் ஒன்றின் உள்தகடு அடுப்புக் கரிபோல் செக்கச்செவேல் என்றிருக்கிறது. ஒருமுறை ஃபியூஸும் போய்விட்டது.

தொல்லை இரண்டு: எல்லாக் குமிழ்களையும் பூஜ்யத்தில் வைத்தாலும் ‘உம்’ என்ற ரீங்காரம். வால்வு சிவக்கச் சிவக்க அதுவும் வளர்கிறது.

தொல்லை மூன்று, இது வேறு கதையாக இருக்கலாம்: பாடும்போது மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்கிறது.

புதிதாக ஒரு ஜோடி 6வி6 வாங்கிப் போட்டுப் பார்த்தேன். மாற்றமே இல்லை. ஒரு பழுதுபார்க்கும் கடையில் எல்லா வால்வுகளையும், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரையும் மாற்ற வேண்டும் என்றார்கள். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆம்ப் இப்போது நிலக்கீழ் அறையில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

#2 ஈயப்புகை (ஷ்டுட்கார்ட்)

அணைத்து வைப்பதிலிருந்து. மற்றதெல்லாம் பிறகு.

தகடு சிவக்கிறது என்றால் அந்த வால்வு தன் சக்திக்கு மீறிய மின்னோட்டத்தை இழுக்கிறது. அதே மின்னோட்டம் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பாதிச் சுருள் வழியாகத்தான் போகிறது. வால்வு போனால் சில பத்து டாலர். டிரான்ஸ்ஃபார்மர் போனால் ஆம்பின் மதிப்பே போகும். சிவப்பு தெரிந்த நொடியில் அணைத்துவிடுங்கள். ஃபியூஸ் போனது என்றீர்களே, அதற்குப் பதில் பெரிய ஃபியூஸ் எதையும் போடவில்லையே? பின்பக்கம் அச்சிட்டிருக்கும் அளவு மட்டும்தான்.

உங்கள் மூன்றாவது தொல்லையைத்தான் நான் முதலில் வைப்பேன். உங்கள் ஆம்பின் மின்கம்பியில் இரண்டு முள்ளா, மூன்று முள்ளா? இரண்டு என்றால் சொல்லுங்கள்.

#3 மூன்றாம்தந்தி

இரண்டு முள். பின்னால் ‘கிரவுண்ட்’ என்று எழுதிய சிறு விசை ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பினால் ரீங்காரம் கொஞ்சம் மாறுகிறது.

#4 ஈயப்புகை

நினைத்தது சரி. அந்த விசைக்கும் உலோகச் சட்டத்துக்கும் இடையே 0.047 மைக்ரோஃபாரட், 600 வோல்ட் கண்டென்சர் ஒன்று நிற்கும். மின்சாரக் கம்பி இரண்டில் ஒன்றை அது சட்டத்தோடு இணைக்கிறது. பழுதுபார்ப்பவர்கள் இதைச் சாவுக் கண்டென்சர் என்றே அழைக்கிறார்கள். விளையாட்டுக்கு வைத்த பெயர் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் அது நல்ல நிலையில் இருந்தாலே சுமார் 2 மில்லிஆம்பியர் கசியும். உங்கள் உதட்டில் சுருக்கென்றது அதுதான். ஐம்பத்தெட்டு வயதுக் கண்டென்சர் ஒருநாள் உள்ளே ஒட்டிக்கொண்டால் கிதார்க் கம்பிகளில் முழு 120 வோல்ட்டும் நிற்கும். நீங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்.

மூன்று கம்பி கொண்ட மின்வடம் போடுங்கள். பச்சைக் கம்பியைச் சட்டத்தில் திருகாணி வைத்து இறுக்குங்கள், அந்தக் கண்டென்சரை வெட்டி எடுங்கள். வடம் மாற்றாமல் யாரும் இந்த இழையில் அடுத்த படிக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

#5 வெள்ளிமுகம் (நியூ ஜெர்சி)

பழைய வடத்தை வெட்டினால் சேகரிப்பாளர்கள் விலை குறைப்பார்கள், சொல்லிவிட்டேன்.

மற்றபடி இது எளிது. இப்போது வரும் 6வி6 எல்லாமே குப்பை. பழைய அமெரிக்க வால்வு ஒரு ஜோடி தேடி வாங்குங்கள். அப்படியும் சிவந்தால் உள்ளே பயஸ் (வால்வின் மின்னோட்டத்தை அடக்கி வைக்கும் மின்னழுத்தம்) சரிசெய்யும் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். சிவப்பு மறையும்வரை திருப்புங்கள். முடிந்தது வேலை. எப்படியும் இது சிபிஎஸ் காலத்து ஆம்ப். 1965க்கு முந்தையதாக இருந்திருந்தால் இந்தத் தலைவலியே வந்திருக்காது.

#6 ஈயப்புகை

வடத்தை வெட்டினால் விலை குறையும், வாசிப்பவர் செத்தால் விலை ஏறுமா?

சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது 1965 ஜனவரியில். அதற்காகத் தொழிற்சாலையில் மறுநாளே பாம்பு புகுந்துவிடவில்லை. 1966இன் டீலக்ஸ் ரிவர்பிலும் அதே ஏபி763 சுற்றுதான், அதே ஊழியர்கள்தான், அதே அட்டைப் பலகைதான். ‘பி’ என்பது 1966, ‘எச்’ என்பது எட்டாம் மாதம், ஆகஸ்ட்.

பயஸ் பொட்டென்ஷியோமீட்டர் இரண்டு வால்வுகளுக்கும் பொது. ஒன்று சிவக்கிறது என்று அதைத் திருப்பினால் நன்றாக இருக்கும் மற்றொன்று பட்டினியில் கிடக்கும். மெல்ல வாசிக்கும்போது ஒலி உடைந்து உடைந்து வரும். நோய் ஒருவருக்கு, பத்தியம் இருவருக்குமா?

#7 மாயக்கண் (மதுரை)

தம்பி, எனக்குக் கிதார் தெரியாது. நாற்பது வருடம் வால்வு ரேடியோ பழுதுபார்த்தவன். டியூனிங் பார்க்கும் பச்சை மாயக்கண் மங்கினால்கூட ஊர் என்னைத்தான் தேடி வரும். அந்தப் பெயரையே இங்கேயும் வைத்துக்கொண்டேன். பெட்டி வேறானாலும் உள்ளே இருப்பது எங்கள் சாதி சனம்தான். நீங்கள் 12ஏஎக்ஸ்7 என்று சொல்வதை நாங்கள் இசிசி83 என்போம்.

நீங்கள் சொன்ன அடையாளத்தை நான் நூறு ரேடியோவில் கேட்டிருக்கிறேன். பாட்டு அரைமணி நேரம் நன்றாகப் பாடும். செய்தி வரும் நேரத்துக்குக் கரகரக்கும். சூடு ஏறிய பிறகு வரும் கோளாறு அது. பெரும்பாலும் கடைசி வால்வின் கிரிட்டுக்கு, அதாவது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனைக்கு, முன்னால் நிற்கும் கண்டென்சர் கசிந்திருக்கும். ஆனால் பார்க்காமல் சொல்லக் கூடாது. காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது.

இரண்டு 6வி6 வால்வுகளையும் இடம் மாற்றிப் போடுங்கள். சிவப்பு வால்வோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றவாளி வால்வு. அதே குழியில் நின்றால் வால்வு நிரபராதி, குழிக்குப் பின்னால் இருப்பதுதான் குற்றவாளி.

திறப்பதற்கு முன் ஒரு வார்த்தை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 400 வோல்ட்டுக்கு மேல் தூங்கிக்கொண்டிருக்கும். ஸ்டாண்ட்பை விசையை வாசிக்கும் நிலையிலேயே விடுங்கள். முதல் 12ஏஎக்ஸ்7 வால்வின் 1ஆம் காலுக்கும் சட்டத்துக்கும் நடுவே முதலைக் கிளிப் கம்பி ஒன்றை மாட்டுங்கள். அங்கிருக்கும் 1 லட்சம் ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சேமிப்பு மெல்ல வடியும். இரண்டு நிமிடம் கழித்து மீட்டர் வைத்து அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விரலை உள்ளே விட வேண்டும். மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கை சட்டைப்பைக்குள். என் குருநாதர் இடது கையை அரைஞாணில் கட்டிவிடுவேன் என்று மிரட்டுவார்.

#8 மூன்றாம்தந்தி

ஐயா, மிக்க நன்றி. வடம் மாற்றிவிட்டேன். மைக் இப்போது கடிக்கவில்லை.

வால்வுகளை இடம் மாற்றினேன். பதினெட்டாவது நிமிடம் சிவப்பு வந்தது. அதே குழி: ரெக்டிஃபையர் வால்வுக்குப் பக்கத்தில் இருப்பது. பெட்டியோடு வந்த பழைய ஆர்சிஏ நிறுவன 6வி6 ஜோடியைப் போட்டாலும் அதே குழிதான். கடைக்காரர் சொன்னபடி வால்வுகளுக்குச் செலவழித்திருந்தால்... சரி, ஏற்கெனவே ஒரு ஜோடிக்குச் செலவழித்துவிட்டேன்.

#9 ஈயப்புகை

பழைய ஆர்சிஏ ஜோடியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அவை நன்றாகவே இருக்கக்கூடும்.

இனி அளவு. 6வி6இன் 5ஆம் கால் கிரிட். அங்கே சுமார் -35 வோல்ட் நிற்க வேண்டும். அந்தக் குறை மின்னழுத்தம்தான் வால்வுக்குக் கடிவாளம். அது -35இலிருந்து -20க்குத் தளர்ந்தால் குதிரை ஓடிவிடும், தகடு சிவக்கும்.

1. இரண்டு 6வி6 வால்வுகளையும் கழற்றிவிடுங்கள். மற்றவை இருக்கட்டும்.
2. மீட்டரின் கறுப்புக் கம்பி சட்டத்தில் கிளிப்போடு. சிவப்பு மட்டும் கையில்.
3. இரண்டு குழிகளிலும் 5ஆம் காலை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.
4. முடித்தவுடன் அணையுங்கள். சுமை இல்லாததால் உயர் மின்னழுத்தம் 415ஐத் தாண்டி 450 பக்கம் ஏறும். பழைய கண்டென்சர்களுக்கு அது நல்லதில்லை.

காலை எண்ணும்போது கவனம். அடியிலிருந்து பார்க்கும்போது நடுவிலிருக்கும் பள்ளத்திலிருந்து வலஞ்சுழியாக எண்ண வேண்டும். 3ஆம் காலில் முழு உயர் மின்னழுத்தம் இருக்கிறது. 5ஆம் காலிலிருந்து அது விரல் அகலத் தூரம்கூட இல்லை.

#10 மாயக்கண்

என்னிடம் இருக்கும் முள் மீட்டரில் நான் இதை 50 வோல்ட் வரம்பில் வைத்து அளப்பேன். நம்பகமான பழைய கருவி, 20,000 ஓம் ஒரு வோல்ட்டுக்கு. தம்பியிடம் அப்படி ஒன்று இருந்தால் அதையே எடுக்கலாம், முள் ஊர்வது கண்ணுக்குத் தெரியும்.

#11 ஈயப்புகை

ஐயா, மன்னிக்க வேண்டும், இங்கே மட்டும் அது வேண்டாம். 50 வோல்ட் வரம்பில் உங்கள் மீட்டர் 10 லட்சம் ஓம். கிரிட் தொங்குவது 2,20,000 ஓம் ரெசிஸ்டரின் நுனியில். மீட்டரே ஒரு பங்கை இழுத்துக்கொள்ளும். உண்மையில் -35 இருந்தால் -29 பக்கம் காட்டும். நல்ல குழியும் கெட்டதுபோல் தெரியும். 100 லட்சம் ஓம் கொண்ட டிஜிட்டல் மீட்டரில் பிழை ஒரு வோல்ட்டுக்கும் குறைவு.

#12 மாயக்கண்

அடடா. எத்தனை வால்வுகளைச் சந்தேகப்பட்டிருப்பேன் இந்த முள்ளை நம்பி. ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. டிஜிட்டல் மீட்டரே எடுங்கள் தம்பி.

#13 மூன்றாம்தந்தி

அளந்தேன், கை நடுங்க நடுங்க. இடது கை பையில்தான் இருந்தது.

நல்ல குழி: -34.1
கெட்ட குழி: -26

பதினெட்டு நிமிடம் காத்திருக்க முடியாதே என்று, முடி உலர்த்தும் கருவியை எடுத்து, 5ஆம் காலுக்குப் போகும் கம்பியைப் பின்தொடர்ந்து, அது சேரும் இடத்தில் இருந்த நீல நிற உருளைக் கண்டென்சர்மீது மட்டும் தூரத்திலிருந்து சூடான காற்றை விட்டேன். என் கண் முன்னாலேயே -25, -23, -20, -17 என்று இறங்கியது. பக்கத்திலிருக்கும் மற்ற நீல உருளைக்குச் சூடு காட்டினால் நல்ல குழியில் அசைவே இல்லை.

#14 மாயக்கண்

சபாஷ் தம்பி! அந்தக் காற்றுச் சோதனையை யாரும் சொல்லித்தராமல் செய்தீர்கள் பாருங்கள். நாங்கள் சால்டரிங் இரும்பைப் பக்கத்தில் காட்டுவோம்.

அந்த 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சரின் ஒரு பக்கம் முந்தைய வால்வின் 230 வோல்ட் அளவிலான பிளேட் மின்னழுத்தம், மறுபக்கம் கிரிட். மாறுமின்னோட்டத்தை மட்டும் விட்டு, நேர்மின்னோட்டத்தைத் தடுத்து நிறுத்துவதே அதன் பிழைப்பு. காவல்காரன் கிழவனாகி வேலியைத் திறந்துவிட்டான். கிரிட் பக்கத்துக் காலைத் தூக்கி, தூக்கிய நுனிக்கும் சட்டத்துக்கும் அளந்தால் சந்தேகம் தீரும்.

#15 வெள்ளிமுகம்

அந்த நீல உருளைகளை மட்டும் எடுத்துவிடாதீர்கள்! இந்த ஆம்பின் குரலே அவற்றில்தான் இருக்கிறது என்று உலகமே சொல்கிறது.

#16 ஈயப்புகை

கசியாத நீல உருளைகள் அப்படியே இருக்கட்டும், நானும் தொடச் சொல்லவில்லை. கசிவது ஒன்று. அதன் குரல் இப்போது கஞ்சி என்று உரியவரே எழுதியிருக்கிறார்.

#17 மூன்றாம்தந்தி

காலைத் தூக்கி அளந்தேன். நுனியில் 95 வோல்ட். நல்ல கண்டென்சரில் என்ன வரும் என்று தெரிந்துகொள்ள மற்றொன்றையும் தூக்கினேன்: ஒரு நொடி எகிறி, பிறகு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. ஆக, கிழட்டுக் காவல்காரன்தான்.

புதிய 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் கண்டென்சர் போட்டேன். முதல் தடவை மாயக்கண் ஐயா தனிமடலில் சொன்னபடி 100 வாட் இழை பல்பைத் தொடரில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கியது. அது நல்ல சகுனம் என்றார். பிறகு பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்தேன்.

சிவப்பு இல்லை. ரீங்காரமும் முக்கால்வாசி குறைந்துவிட்டது. அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. நான் ரீங்காரத்துக்கு எதுவும் செய்யவில்லையே?

ஆனால் மகிழ்ச்சி முழுதாக இல்லை. கெட்ட குழியில் இப்போது -30தான். நல்ல குழி -34.

#18 ஈயப்புகை

ரீங்காரம் குறைந்ததற்குக் காரணம் இருக்கிறது, அழகான காரணம். இரண்டு 6வி6 வால்வுகளும் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு முனைகளில் எதிரெதிரே நின்று கயிறு இழுக்கின்றன. மின்வழங்கியில் மிச்சமிருக்கும் அலை இரண்டு பக்கமும் சமமாக வருவதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு வால்வு மட்டும் மூன்று மடங்கு இழுத்தால் அந்தச் சமன் கெட்டு, அலை வெளியே கேட்கும். வடிகட்டிக் கண்டென்சர்கள் பழையவைதான், மாற்றத்தான் வேண்டும். ஆனால் வளர்ந்துகொண்டே போன ரீங்காரத்தின் தாய் அந்த நீல உருளை.

மிச்சமிருப்பதைக் கிதாரை வைத்தே இனம் காணலாம். உங்கள் ஊரில் 60 ஹெர்ட்ஸ். வடிகட்டிகள் சோர்ந்தால் வருவது 120 ஹெர்ட்ஸ். அது ஐந்தாம் தந்தியின் இரண்டாம் கட்டத்துக்குச் சற்றே கீழ். அதற்கும் ஒரு எண்மம் கீழே கேட்டால் 60. வால்வு இழைகளிலிருந்தோ கம்பிகளின் அமைப்பிலிருந்தோ வருகிறது என்று பொருள்.

#19 மயிலைமாடி (சென்னை)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இங்கே 50 ஹெர்ட்ஸ் என்பதால் வடிகட்டி ரீங்காரம் 100. ஆறாம் தந்தி மூன்றாம் கட்டத்துக்கு ஒரு மயிரிழை மேலே. பல வருடமாக என் ஆம்ப் தானாகச் சுருதி போடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

#20 மூன்றாம்தந்தி

ஐந்தாம் தந்தி இரண்டாம் கட்டத்துக்குச் சற்றே கீழ். அச்சாக அதுதான். வடிகட்டிகளுக்குச் சொல்லிவிட்டேன். 16க்குப் பதில் 22 மைக்ரோஃபாரட், 500 வோல்ட் கிடைக்கிறது, போடலாமா?

அந்த -30க்கு மட்டும் விடை தெரியவில்லை. 2,20,000 ஓம் ரெசிஸ்டரை அளந்தேன், 2,26,000 இருக்கிறது. 5ஆம் காலுக்கும் 1ஆம் காலுக்கும் நடுவிலிருக்கும் 1,500 ஓம் ரெசிஸ்டரும் நன்றாக இருக்கிறது. குழியைப் பல்துலக்கியும் ஆல்கஹாலும் வைத்துத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். மாற்றமில்லை. புதிய கண்டென்சரும் கசிகிறதோ என்று அதன் காலையும் தூக்கினேன். அப்போதும் -30!

வேடிக்கை என்னவென்றால் நேற்று மழை. இன்று காலை அது -29 ஆகியிருக்கிறது.

#21 ஈயப்புகை

22 போடலாம், ஜிசெட்34 ரெக்டிஃபையர் 60 மைக்ரோஃபாரட் வரை தாங்கும்.

ஆனால் கடைசி வரியைப் படித்தவுடன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மழையா? ஆம்ப் எங்கே இருக்கிறது என்றீர்கள், நிலக்கீழ் அறையிலா?

அதே முடி உலர்த்தியை எடுங்கள். இந்த முறை எந்த உறுப்பின்மேலும் காட்டாதீர்கள். கறுப்பு அட்டைப் பலகையில், 230 வோல்ட் கண்ணிக்கும் (கண்ணி என்பது உறுப்புகளின் கால்களை ஈயம் வைத்து இணைக்கும் உலோக வளையம்) கிரிட் கண்ணிக்கும் நடுவே இருக்கும் வெறும் இடத்தில் பத்து நிமிடம் மிதமான சூடு. மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

அதற்கு முன்னால் இன்னொன்று: மீட்டரின் சிவப்பு முனையை அந்த வெறும் அட்டைமேல், எந்த உலோகமும் இல்லாத இடத்தில் அழுத்திப் பிடியுங்கள்.

#22 மூன்றாம்தந்தி

நம்பவே முடியவில்லை.

வெறும் அட்டை. கம்பி இல்லை, ஈயம் இல்லை. 230 வோல்ட் கண்ணியிலிருந்து அரை அங்குலம் தள்ளி முனையை அழுத்தினால் 22 வோல்ட்! இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினால் 14, பிறகு 6. தண்ணீரில் உப்புக் கரைந்த மாதிரி அட்டையெங்கும் மின்சாரம் பரவியிருக்கிறது. பலகையின் மறுகோடியில், உயர் மின்னழுத்தம் இல்லாத பக்கத்தில், பூஜ்யம்.

சூடு காட்டினேன். -29, -30, -31... பத்தாவது நிமிடம் -33.6. அட்டையிலிருந்து மெழுகு வாசனை வந்தது. அணைத்துவிட்டு இரவு தூங்கிக் காலையில் அளந்தால் மறுபடி -30.

முதலில் சூடு காட்டியபோது மின்னழுத்தம் தளர்ந்தது. இப்போது சூடு காட்டினால் இறுகுகிறது. ஒரே மருந்து, எதிரெதிர் பலன்.

#23 மயிலைமாடி

அட்டை நமத்துப்போயிருக்கிறது! எங்கள் வீட்டில் ஐப்பசியில் அப்பளம் ஆவதுதான் அங்கே ஜூலையில் உங்கள் ஆம்புக்கு ஆகியிருக்கிறது.

#24 ஈயப்புகை

இதைவிடச் சரியான சொல் எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் இல்லை. நமத்துத்தான் போயிருக்கிறது.

அந்தப் பலகை பிளாஸ்டிக் இல்லை. காகிதநாரை அழுத்திச் செய்த வல்கனைஸ்டு ஃபைபர் அட்டை. மெழுகு ஊட்டியிருப்பார்கள். கறுப்பாக, பளபளப்பாக, பார்க்க உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் பல பத்தாண்டுகளில் மெழுகு வற்றிய இடத்தில் நார் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். பழைய சால்டர் பிசின், தூசு, முந்தைய உரிமையாளர் குடித்த சிகரெட் எல்லாம் அதில் சேரும். பிறகு அது மின்கடத்தாப் பொருள் இல்லை. மிகப் பெரிய மதிப்புடைய ஒரு ரெசிஸ்டர்.

எவ்வளவு பெரியது? 4 வோல்ட்டைத் தளர்த்த 2,20,000 ஓமில் சுமார் 18 மைக்ரோஆம்பியர் போதும். 260 வோல்ட் இடைவெளிக்கு அது 140 லட்சம் ஓம் அளவு வருகிறது. சாதாரண மீட்டரில் ஓம் வரம்பில் வைத்துத் தேடினால் ஒன்றும் தெரியாது. 9 வோல்ட் பேட்டரிக்கு அந்தக் கசிவு தலைகாட்டாது. 230 வோல்ட் நிற்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் இது இத்தனை பேரை ஏமாற்றுகிறது. ஏப்ரலில் நன்றாக ஒலித்ததும் இதனால்தான். குளிர்காலம் முழுக்க வீட்டுச் சூடாக்கி ஓடிக் காற்று உலர்ந்திருந்தது.

உங்கள் ஆம்பில் இரண்டு கோளாறுகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தன. பெரியது சின்னதை மறைத்துக்கொண்டிருந்தது.

#25 மாயக்கண்

எழுபது வயதில் ஒரு புதுப் பாடம். எங்கள் பக்கத்து ரேடியோக்களில் பெரும்பாலும் பலகையே கிடையாது. உறுப்புகள் குழிக்குக் குழி காற்றில் தொங்கும். பார்க்கச் சிலந்தி வலை. அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. காற்று நமக்காது பாருங்கள்.

#26 மூன்றாம்தந்தி

இப்போது நான் என்ன செய்ய? பலகையையே மாற்ற வேண்டுமா? என்னால் முடியாத வேலை அது.

#27 ஈயப்புகை

மாயக்கண் ஐயா விடையைச் சொல்லிவிட்டார். அந்த இணைப்பைக் காற்றில் தொங்கவிடுங்கள்.

கிரிட் கண்ணியில் மூன்று பேர் கூடுகிறார்கள்: கண்டென்சரின் ஒரு கால், 2,20,000 ஓமின் ஒரு கால், குழிக்குப் போகும் கம்பி. மூன்றையும் ஈயத்தை உருக்கிக் கண்ணியிலிருந்து விடுவியுங்கள். பலகைக்கு அரை அங்குலம் மேலே ஒன்றோடொன்று முறுக்கி ஈயம் வையுங்கள். கண்ணி காலியாகக் கிடக்கட்டும். கிரிட் அட்டையைத் தொடாது; அட்டை எவ்வளவு ஈரம் குடித்தாலும் அதற்குக் கவலை இல்லை. நல்ல குழிக்கும் அதையே செய்துவிடுங்கள், அடுத்த மழைக்கு அதன் முறை வரலாம்.

உலர்த்தி மெழுகு பூசுவது, ஆல்கஹால் வைத்துக் கழுவுவது எல்லாம் செய்பவர்கள் இருக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். ஒரு பருவம் தாங்கும், மறுபருவம் திரும்பி வரும். பலகைக்கு அடியில் இன்னொரு அட்டை படுத்திருக்கிறது, அதுவும் ஈரம் குடிக்கும். அதை எப்படிக் கழுவுவீர்கள்?

கையோடு இன்னொரு வேலை. இரண்டு குழிகளிலும் 8ஆம் காலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். அதன் குறுக்கே எத்தனை மில்லிவோல்ட்டோ அத்தனை மில்லிஆம்பியர். 6வி6இன் தகடு தாங்குவது 12 வாட். 415 வோல்ட்டில் அதில் எழுபது விழுக்காடு என்றால் 20 மில்லிஆம்பியர் சொச்சம். பயஸ் பொட்டென்ஷியோமீட்டரைத் தொட வேண்டிய நேரம் அப்போதுதான் வரும்.

#28 வெள்ளிமுகம்

காற்றில் தொங்கும் இணைப்பா? நேர்த்தியாக இருக்காதே.

(என் ஆம்பின் அட்டையில் முனையை வைத்துப் பார்த்தேன். 9 வோல்ட். ஒன்றும் கேட்காதீர்கள்.)

#29 மூன்றாம்தந்தி

ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். இரண்டு இணைப்புகளும் தொங்குகின்றன. வடிகட்டிகளும் புதியவை. அவற்றை மூடியிருந்த தகரத்துக்குள் பழைய கண்டென்சர்களில் ஒன்றின் வாயில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. நல்ல வேளை.

கிரிட்: -34.2, -34.0. அன்று இரவும் நல்ல மழை. காலையில் -34.1, -34.0.

பெட்டியோடு வந்த ஆர்சிஏ ஜோடியையே திரும்பப் போட்டேன். 22.5, 21 மில்லிஆம்பியர். பொட்டென்ஷியோமீட்டரைக் கொஞ்சம் திருப்பி 20.8, 19.5 ஆக்கினேன். இரண்டு மணி நேரம் ஓடியது. அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். இழைகளின் ஆரஞ்சு வெளிச்சம் மட்டும்தான். ரீங்காரம் ஸ்பீக்கரில் காதை வைத்தால் கேட்கிறது, எழுந்து நின்றால் இல்லை.

ஈயப்புகை அக்காவுக்கும் மாயக்கண் ஐயாவுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மொத்தச் செலவு வடம், கண்டென்சர்கள், ரெசிஸ்டர்கள் சேர்த்து நான் வீணாக வாங்கிய 6வி6 ஜோடியின் விலைக்குக் கீழே.

ஒரே ஒரு குறை. ஒலியை அலையலையாக ஏற்றி இறக்கும் டிரெமோலோ வேலை செய்யவில்லை. வேகக் குமிழ், ஆழக் குமிழ் இரண்டையும் எல்லாப் பக்கமும் திருப்பிவிட்டேன். வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். அடுத்து அதைத் திறக்கவா?

#30 மாயக்கண்

அந்த வகையை நான் பார்த்ததில்லை தம்பி. ஆனால் கையோடு கை, திறந்துதான் பாருங்களேன்.

#31 ஈயப்புகை

திறக்காதீர்கள்! பின்னால் மிதிவிசை செருகும் துளை இருக்கிறதே, அதில் ஏதாவது செருகியிருக்கிறீர்களா? இந்தச் சுற்றில் அந்தத் துளையின் மையம் சட்டத்தோடு இணைந்தால்தான் டிரெமோலோ ஓடும்.

#32 மூன்றாம்தந்தி

மிதிவிசை ஆம்போடு வரவில்லை. பழைய ஆடியோக் கம்பி ஒன்றின் நுனியை வெட்டி, இரண்டு இழைகளையும் முறுக்கிச் செருகினேன்.

ஆடுகிறது.